இரத்தத்தில் எழுதப்படாத தீர்ப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் இரவு ஷிப்டுக்குச் செல்லும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. விழித்திருக்க உதவும் என்று யாரேனும் ஒரு மாத்திரையை நீட்டிவிடுவார்களோ என்பது பெற்றோரின் அச்சம். ஐயம் எழுந்ததும் அவர்கள் கேட்பது, "இரத்தத்தைச் சோதித்தால் அடிமையா இல்லையா என்று தெரிந்துவிடுமா?" என்பதே. இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1887இல் பெர்லினில் லசார் எடெலியானு ஆம்பெட்டமினை உருவாக்கினார். 1893இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி மெத்தாம்பெட்டமினைக் கண்டார். இரண்டாம் உலகப்போரில் படைவீரரை விழித்திருக்கச் செய்ய அது வழங்கப்பட்டது. போர் முடிந்தபின் ஜப்பானியப் பொதுமக்களிடையே பரவியதால், 1951இல் அந்நாடு தனிச் சட்டமே இயற்றியது.

அடிமைத்தனத்தை மனவலிமையின் குறைவாகவே உலகம் நெடுங்காலம் கருதியது. 1990களில் நோரா வோல்கோவ் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம் கோகெய்ன் பயன்படுத்துவோரின் மூளையை ஆராய்ந்து, டோபமைன் டி2 ஏற்பிகள் குறைந்திருப்பதைக் கண்டனர். 2001இல் மெத்தாம்பெட்டமினிலும் அதுவே தெரிந்தது. ஆயினும் அது குழுவின் சராசரி. ஒரு தனிமனிதனை அடிமை என்று தீர்ப்பளிக்க அது போதாது. சிறுநீர்ச் சோதனையோ அண்மைய சில நாட்களில் மருந்து உட்கொண்டதை மட்டுமே காட்டும். அடிமைத்தனத்தை மருத்துவர் இன்றும் வாழ்க்கைப்போக்கைக் கேட்டறிந்தே கணிக்கிறார்.

அதே 2001இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு நம்பிக்கையும் தந்தது: ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தோரிடம் மூளையின் டோபமைன் கடத்திகள் ஓரளவு மீண்டிருந்தன.

'கம்ர்' என்ற சொல்லின் வேர்ப்பொருள் மறைப்பது என்பதாகும். அறிவை மறைக்கும் எதுவும் ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. செயல் கண்டிக்கப்பட்டது; மனிதர் கைவிடப்படவில்லை.

ஆகவே, சோதனைத்தாளைக் குற்றப்பத்திரிகையாக்காமல் பிள்ளையிடம் பேசுவோம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற சிகிச்சை இல்லங்கள் உள்ளன. 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு தொடர்பான குற்றத்தில் சிக்கிய அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து காப்பளிக்கிறது.

தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது. நம் வீட்டு வாசலை நாம் அடைத்துவிட வேண்டாம். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. ஆமீன்.