மன்னாரிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை: எட்டாமற்போன அதிதீவிர சிகிச்சை

மன்னார் நகரத்து வைத்தியசாலை தீவுக்குள் இருக்கிறது. பெருநிலப்பரப்பில் உள்ள அடம்பனிலிருந்து அங்கு போய்ச் சேர, வழி திறந்திருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. ஆனால் போர்க்காலத்தில் தூரம் கிலோமீற்றரில் அளக்கப்படவில்லை. உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி இருந்தது. அதற்கு இப்பால் அரசின் ஆட்சி, அப்பால் விடுதலைப் புலிகளின் ஆட்சி. 1990இல் தீவையும் நிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்ட பின், தற்காலிகப் பாலமே நீண்ட காலம் பயன்பட்டது. சண்டை மூண்ட நாள்களில் அடம்பனிலோ விடத்தல்தீவிலோ காயப்பட்ட ஒருவரை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த மன்னாருக்கு அல்ல, எதிர்த்திசையில் மல்லாவிக்கும் கிளிநொச்சிக்குமே கொண்டு சென்றார்கள்.

காயமடைந்த படையினரின் நிலை வேறு. அவர்களுக்கு ஹெலிகொப்டர் இருந்தது, அநுராதபுரத்தில் இராணுவ வைத்தியசாலை இருந்தது, அதற்கும் அப்பால் கொழும்பு இருந்தது. போர்க்கள மருத்துவம் என்பது அடிப்படையில் இந்தச் சங்கிலிதான். முதலுதவி, சத்திர சிகிச்சை, அதிதீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றுக்கும் இடையே நேரத்தைச் சுருக்குவதே அதன் வரலாறு. குடிமக்களுக்கு அந்தச் சங்கிலியின் முதற் கண்ணி மட்டுமே வாய்த்தது. அதுவும் நகர்ந்துகொண்டே இருந்தது.

2008ஆம் ஆண்டு அந்த நகர்வின் ஆண்டு. ஏப்ரலில் மடு இராணுவத்தின் வசமானது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மடு மாதாவின் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தது. ஜூலையில் விடத்தல்தீவு, நவம்பரில் பூநகரி. மன்னார்க் கரையோர மக்கள் வடக்கும் கிழக்குமாக நகர்ந்தார்கள். வைத்தியசாலைகளும் கட்டில்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு அவர்களோடு இடம்பெயர்ந்தன. செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் பிற சர்வதேச அமைப்புகளும் வன்னியை விட்டு வெளியேறின. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் எஞ்சியது.

அடுத்த மாதம், 2008 ஒக்ரோபரில், கொங்கோவின் ருட்சுரு என்ற ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் பணியாற்றிய பிரித்தானியச் சத்திர சிகிச்சை நிபுணர் டேவிட் நொட், கையிழந்து, எஞ்சிய பகுதி அழுகிய நிலையில் இருந்த 16 வயதுச் சிறுவனைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தோள்பட்டையோடு சேர்த்து அகற்றும் அந்தச் சிகிச்சையை அவர் முன்பு செய்ததில்லை. லண்டனில் இருந்த மெய்ரியன் தோமஸ் என்ற நிபுணருக்குச் செய்தி அனுப்பினார். அவர் படிப்படியாக எழுதிய கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியைப் பார்த்துச் சத்திர சிகிச்சை நடந்தது, சிறுவன் பிழைத்தான். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

ஏறக்குறைய அதே காலத்தில் வன்னி வைத்தியர்களிடமும் செய்மதித் தொலைபேசி இருந்தது. ஆனால் அதில் அவர்கள் கேட்டது ஆலோசனையை அல்ல, மயக்க மருந்தை.

2009 பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் எறிகணை வீச்சுக்கு இலக்காகியது. நோயாளர்கள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே பாடசாலைக் கட்டடமே வைத்தியசாலை. பிறகு முள்ளிவாய்க்கால். வைத்தியர்கள் து. வரதராஜா, த. சத்தியமூர்த்தி, வி. சண்முகராஜா முதலியோரும் அவர்களோடு நின்ற தாதியரும் தொண்டர்களும் செய்த பணியை, ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இவ்வைத்தியர்கள் அரச ஊழியர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2009 மார்ச்சில் அவர்கள் கொழும்புக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: அடிப்படை வசதிகளும் மருந்துகளும் தந்திருந்தால் வைத்தியசாலையில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம். அதற்குச் சுகாதார அமைச்சிலிருந்து கிடைத்த பதில், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கை.

போர்க்கள மருத்துவத்தில் தொலைத்தொடர்பு புதிய சங்கதி அல்ல. 1993இலேயே அமெரிக்க இராணுவம் சோமாலியாவிலிருந்து நோயாளர்களின் படங்களைச் செய்மதி வழியாக வோஷிங்டனின் வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றது. 2000இல் வர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரில், பல அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஓர் அறையிலிருந்து திரைகளில் கண்காணிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 2015இல் அமெரிக்க இராணுவம், போர்முனையில் தனித்து நிற்கும் மருத்துவ உதவியாளர் எந்நேரமும் அதிதீவிர சிகிச்சை நிபுணரை அழைக்கும் சேவையைத் தொடங்கியது. இதில் எனக்கு வியப்பளிப்பது அதன் எளிமை. முதலில் ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பு. நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், கொடுத்த மருந்து ஆகியவற்றைக் கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பினால் போதும். காயப்பட்டவரை உடனே அகற்ற முடியாத இடங்களுக்கென்றே உருவானது அது. அதாவது, முள்ளிவாய்க்கால் போன்ற இடங்களுக்கு.

ஆயினும் நம் கதைக்கு மிக நெருங்கிய உதாரணம் அமெரிக்க இராணுவம் அல்ல, சிரியா. 2012 டிசெம்பரில், வட அமெரிக்காவில் வாழும் சிரிய வம்சாவளி வைத்தியர்கள் முற்றுகைக்குள் இருந்த வைத்தியசாலைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் தொலைவிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கும் மலிவான கமராக்கள், செய்மதி இணையம், ஸ்கைப் ஆகியவையே சாதனங்கள். சுமார் 20 நிபுணர்கள் முறைவைத்து இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருந்தார்கள். கட்டிலருகே நின்றவர்கள் பெரும்பாலும் அத்துறையில் பயிற்சி பெறாதவர்கள்; திரையின் மறுமுனையில் இருந்தவர் செயற்கைச் சுவாசக் கருவியின் எண்களைப் பார்த்து எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சொன்னார்.

புலம்பெயர்ந்த தமிழ் வைத்தியர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இல்லாமலா போனார்கள்? இருந்தார்கள். ஆனால் சிரிய வைத்தியர்களுக்கு வாய்த்த ஒன்று வன்னிக்கு வாய்க்கவில்லை. துருக்கி எல்லையூடாக மருந்தும் கருவியும் உள்ளே போயின. வன்னியின் மேற்கு வாசலான மன்னார்க் கரை 2008இலேயே அடைபட்டது. எஞ்சிய கிழக்குக் கரையில், ஆழமற்ற கடலில் மீன்பிடிப் படகுகளில் ஏற்றிச் சென்று கிறீன் ஓசன் கப்பலில் சேர்க்கப்பட்டவர்களே தப்பினார்கள். 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் இவ்வாறு வெளியேற்றியவர்கள், உடன்சென்றோரையும் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பேர். முதலில் திருகோணமலைக்கும், மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு கள வைத்தியசாலை அமைத்த பின் புல்மோட்டைக்கும் கொண்டு செல்லப்பட்டார்கள். லண்டனில் எத்தனை நிபுணர் விழித்திருந்தாலும், குருதிப் பையும் ஒட்சிசனும் இல்லாத கட்டிலுக்கு அவர் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

இன்னொன்றும் உண்டு. வைத்தியசாலை இருக்கும் இடத்தின் ஆள்கூறுகள் படைத்தரப்புக்கு அறிவிக்கப்பட்டே இருந்தன. 2008 டிசெம்பருக்குப் பிறகு நிரந்தர, தற்காலிக வைத்தியசாலைகள் மீது குறைந்தது 30 தாக்குதல்கள் நடந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2009 மே மாதத்தில் சொன்னது. ஆகவே தகவல் போய்ச் சேராததால் நேர்ந்த அழிவு என்று எழுதுவோரோடு என்னால் உடன்பட இயலவில்லை. தகவல் போய்ச் சேர்ந்தது. அதை அனுப்பிய தொலைபேசியே வைத்தியர்களுக்கு எதிரான குற்றச்சாட்டாகவும் மாறிற்று. மே மாத நடுப்பகுதியில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்பு சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினார்கள். காவலில் இருப்பவர் வாயிலிருந்து வரும் வாக்குமூலத்தை எப்படி வாசிப்பது என்று பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓகஸ்டில் பிணையில் வந்தார்கள். பின்னாளில் சத்தியமூர்த்தி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார். அமெரிக்கா சென்ற வரதராஜா, தம் அனுபவங்களை நூலாக எழுதினார்.

போர் முடிந்த சில ஆண்டுகளில், நாட்டின் அரச வைத்தியசாலைகளில் எங்கே அதிதீவிர சிகிச்சைக் கட்டில் காலியாக உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளும் தேசியப் பதிவேடு ஒன்றைச் சுகாதார அமைச்சு உருவாக்கியது. மன்னாரின் புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. இந்திய உதவியோடு தொடங்கிய இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அதை அழைக்க வேண்டிய இலக்கம் 1990. மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்ட ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான். உயிலங்குளத்தில் இப்போது அந்த வண்டியை மறிப்பார் யாருமில்லை.