அங்கணம் வைத்த சிற்றில்

அத்தை வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பொம்மை வீட்டை இறக்கியபோது அதற்கு மூன்று சுவர்கள்தான் மிச்சமிருந்தன. தேக்கில் செய்த அந்த மூன்றையும் கரையான் சீண்டவேயில்லை. பின்பக்கம் அடித்திருந்த மாம்பலகையை மட்டும், மேல்தோல் கலையாமல், உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பலகை போன இடத்தில் மண்ணாலான மெல்லிய குழாய்கள் தெரிந்தன. கரையானும் தன் பங்குக்கு ஒரு வீடு கட்டியிருந்தது.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா வீட்டுக்கு மச்சு போட்ட வருஷம், மிஞ்சிய மரத்தில் அந்த வீட்டைப் போலவே ஆசாரி இதைச் செய்து கொடுத்தாராம். அப்போது அத்தைக்கு ஏழு வயது. முன்னால் திருணை, அடுத்துத் தார்சா, நடுவில் பட்டாசல், பின்னால் அடுக்களை. கூரையைப் பெட்டி மூடி மாதிரித் தூக்கினால் உள்ளே எல்லாம் தெரியும். கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோதும் அத்தை இதை விட்டுவிட்டு வரவில்லை. இப்போது என் மகளுக்கென்று கொடுத்துவிட்டாள்.

மகள் இதை 'டால் ஹவுஸ்' என்கிறாள். நான் 'பொம்மை வீடு' என்கிறேன். அத்தையோ சின்ன வயதில் 'சின்ன வீடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிறகு அந்தச் சொல் வேறு சோலிக்குப் போய்விட்டது. 1985இல் கே. பாக்யராஜ் அதே பெயரில் படமே எடுத்தார். அதற்குமேல் நாலு பேர் இருக்கும் இடத்தில் 'என் சின்ன வீடு பரண்ல இருக்கு' என்று ஒரு பெண் சொல்ல முடியுமா? "அதுக்கப்புறம் மரவீடுன்னு மாத்திட்டேம்லா" என்று சிரித்தாள் அத்தை.

சின்ன வீட்டைப் பழந்தமிழில் சொன்னால் சிற்றில். சிறு, இல் என்ற இரண்டும் சேரும்போது நடுவிலிருக்கும் றகர ஒற்று இரட்டிக்கிறது. தன்னொற்று இரட்டல் என்று நன்னூல் இதற்கு விதி வைத்திருக்கிறது. சிற்றூரும் சிற்றோடையும் வெற்றிலையும் இதே வழியில் வந்தவை. சிற்றப்பாவும் அப்படித்தான். ஆனால் அவர் வாயில் புழங்கிப் புழங்கிச் சித்தப்பா ஆகிவிட்டார். சிற்றில் அப்படித் தேயவில்லை. பேச்சில் புழங்காத சொல்லுக்குத் தேய்மானம் ஏது? கொலுவில் வைத்த பித்தளைக் குடம் மாதிரி ஏட்டிலேயே இருந்து பளபளக்கிறது.

இல் என்ற சொல்கூட இன்று நம்மிடம் தனித்து நிற்பதில்லை. தெலுங்கர் வீட்டை அன்றாடம் 'இல்லு' என்கிறார்கள். கேரளத்தில் நம்பூதிரி வீட்டுக்கு இல்லம் என்று பெயர். நாம் அதைக் கோயிலிலும் இல்லாளிலும் இல்லறத்திலும் பதுக்கி வைத்திருக்கிறோம். வாயில் என்பது இல்வாய்தான், முன்பின்னாக மாறி நிற்கிறது. ஊரில், கையில், பையில் என்று நாளெல்லாம் நாம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழாம் வேற்றுமை இல்லும் இந்த வீட்டு இல்லிலிருந்து வந்ததே என்று மொழியறிஞர் சிலர் சொல்வதுண்டு. அது சரியென்றால், 'வீட்டில்' என்னும்போது நாம் வீட்டை இரண்டு தடவை சொல்கிறோம்.

சங்கப் பாட்டில் சிற்றிலுக்கு இரண்டு ஆட்கள் சொந்தக்காரர்கள். புறநானூற்றின் 86ஆம் பாட்டில் வருவது நிஜ வீடு. யாரோ ஒருவர் வந்து அதன் தூணைப் பிடித்துக்கொண்டு 'உன் மகன் எங்கே' என்று கேட்கிறார், தாய் பதில் சொல்கிறாள். பாடியவர் காவற்பெண்டு. கலித்தொகையின் 51ஆம் பாட்டில் அதே சொல் தெருவில் சிறுமிகள் கட்டிய மணல் வீடாகிறது. ஒரு பயல் அதைக் காலால் கலைக்கிறான், பந்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். பின்னொரு நாள் அவனே தண்ணீர் கேட்டு அவள் வாசலில் வந்து நிற்கிறான். மீதிக் கதை பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். காலப்போக்கில் ஏழைத் தாயின் சிற்றில் மங்கிவிட்டது, சிறுமியின் மணல் வீடு அந்தச் சொல்லைத் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது.

எழுதிக் கொடுத்தவள் ஆண்டாள் என்று சொல்வேன். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி, பத்துப் பாசுரமும், எங்கள் சிற்றிலைக் கலைக்காதே என்று ஆயர் சிறுமியர் கண்ணனிடம் கெஞ்சுவது. பக்தியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை ஒரு கட்டுமானக் குறிப்பாகவும் படிக்கலாம். மணல் வெள்ளையாக, நைசாக இருக்க வேண்டும். அதைத் தெள்ளி எடுக்க வேண்டும். வாய் வட்டமான சின்னத் தூதை ஒன்றும் சுளகு ஒன்றும் வேண்டும். முதுகு நோக உட்கார்ந்தால்தான் வேலை முடியும். தூதை என்பது சின்ன மண்பானை, நம் சொப்புச் சாமானுக்குப் பாட்டி முறை. சுளகை எங்கள் பக்கம் இன்றைக்கும் சுளகு என்றுதான் சொல்கிறோம். சென்னைக்கு வந்தால் அது முறமாகிவிடுகிறது.

ஆண்டாளிடம் சிற்றிலோடு வரும் வினை இழைத்தல். இழை என்றால் நூல். நூல் நூலாகப் பார்த்து நுணுக்கமாகச் செய்வதெல்லாம் இழைப்பதுதான். கல்லில் சந்தனம் இழைக்கிறோம். நகையில் கல்லிழைக்கிறார்கள். ஆசாரியின் கையிலிருப்பது இழைப்புளி. அத்தையின் பொம்மை வீட்டுக் கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஆறு அங்குல உயரம், விரலுக்குச் சொரசொரப்பே தட்டவில்லை. நான் புதிதாக வாங்கி வந்த பலகையை உப்புத்தாள் போட்டு அரை நாள் தேய்த்தும் அந்த வழவழப்பு வரவில்லை. அந்தக் கதவு இழைத்தது, என் பலகை வெறுமனே தேய்த்தது.

இழைத்தலுக்கு எதிரில் எப்போதும் இன்னொரு வினை நிற்கிறது, சிதைத்தல். பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தவர்கள் இதில்தான் ஒரு வேலை செய்தார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். மற்றவை சிறுபறை, சிறுதேர். திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் முருகனிடம் எங்கள் சிற்றிலை அழிக்காதே என்று சிறுமிகள் கேட்பது இந்தப் பருவத்தில்தான். பெண்பால் பிள்ளைத்தமிழுக்கு வந்தால் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல் என்று போய்விடுவார்கள். முதுகு நோக இழைத்தவள் பருவம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. காலால் எத்தியவனுக்கோ பத்துப் பாட்டு!

அந்தக் கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சிற்றில் வைத்துக் காப்பாற்றும் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. பொழுது சாயும்போது பையன் வராவிட்டாலும் அலை வரும், மழை வரும், மாடு மிதிக்கும். மறுநாள் மறுபடி இழைக்க வேண்டியதுதான். வண்டல் மண்ணில் பிடித்த வண்டற்பாவைக்கும் அதே கதி. அதனால்தான் பரணில் ஏற்றி மூன்று தலைமுறைக்கு வைத்திருக்கும் வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொம்மை வீடு என்ற புதுச் சொல்தான் அதற்குப் பொருத்தம். பொம்மையே நமக்குக் கொஞ்சம் புதுசு. பழைய சொல் பாவை. தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ.

சேர்த்துவைக்கும் பொம்மை வீடு ஐரோப்பியப் பணக்காரர்களின் சங்கதி. அங்கே அது அலமாரியாகத்தான் பிறந்தது, குழந்தைக் கை படாமல் பெரியவர்கள் விருந்தாளிக்குத் திறந்து காட்டுவார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் பெட்ரொனெல்லா ஊர்ட்மான் என்ற சீமாட்டியின் 17ஆம் நூற்றாண்டு வீடு அப்படித்தான் நிற்கிறது. புதுதில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்ஸ், 1921க்கும் 1924க்கும் இடையில் இங்கிலாந்து அரசி மேரிக்காக ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும், குழாயில் தண்ணீர் வரும். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

எங்கள் ஆசாரி லட்யன்ஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கதவையும் தூணையும் அளந்து பார்த்தபோது அதே அடிக்கு அங்குலக் கணக்கு வந்தது. திருணைப் படிகள் மட்டும் கணக்கில் அடங்கவில்லை, அவை இரண்டு மடங்கு பெரிது. ஏழு வயதுப் பிள்ளையின் இரண்டு விரல்கள் ஏறி இறங்க வேண்டுமே, அதற்காக இருக்கும்.

பின்சுவரைப் புதிதாகப் போட்டேன். ஆட்டம் கண்ட தூணுக்கு ஃபெவிகால் வைத்து நூலால் இறுகக் கட்டினேன். அங்கங்கே வண்டு துளைத்த ஓட்டைகளுக்குப் பட்டி வைத்தேன். அடுக்களை மூலையில் தரையோடு ஒட்டிப் பென்சில் போகிற அளவுக்கு ஒரு துளை. பெரிய வண்டு போலிருக்கிறது என்று அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பினேன். பின்சுவரில் ஜன்னல் எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அத்தைக்கும் நினைவில்லை. ஊரில் போய்ப் பார்த்து வரலாம் என்று கிளம்பினேன்.

ஊர் வீட்டில் சித்தப்பா மட்டும் இருக்கிறார். திருணையின் சிமெண்டு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. பட்டாசல் பாதியாகிவிட்டது. பட்டகசாலை என்ற நீளமான சொல் பட்டாசலாகக் குறுகியது பழைய கதை. இந்தப் பட்டாசல் குறுகியது பாகப்பிரிவினையில். நடுவில் ஹாலோ பிளாக் சுவர், அந்தப் பக்கம் பெரியப்பா பங்கு, பூட்டிக் கிடக்கிறது. சொப்பு என்று நாம் சொல்லும் செப்பு ஒரு காலத்தில் மூடி போட்ட சிமிழுக்குப் பெயர். உட்பகை உள்ள குடும்பம் சிமிழும் மூடியும் சேர்ந்தாற்போல்தான் சேர்ந்திருக்கும் என்று வள்ளுவர் உவமை சொன்னது அந்தச் சுவரைத் தொட்டபோது நினைவுக்கு வந்தது. சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

வீடு என்ற சொல்லின் வேரும் விடு. போர்க்களத்துக்கு வெளியே படை தங்கிய இடம் படைவீடு. பற்றை விட்ட நிலை வீடுபேறு. இல்லையும் மனையையும் ஓரங்கட்டிவிட்டு, தங்கிவிட்டுப் போகிற இடத்தின் பெயரைத்தான் நாம் குடியிருக்கும் இடத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் ஏழு பேர் இந்த வீட்டில் பிறந்து, ஏழு பேரும் இதை விட்டுப் போனார்கள். சித்தப்பா மட்டும் ரிட்டையரானதும் திரும்பி வந்தார்.

ஜன்னல் அடுக்களையின் கிழக்குச் சுவரில் இருந்தது. அளவெடுத்துக்கொண்டு திரும்பும்போது காலில் ஏதோ தட்டியது. மூலையில் முழங்கை உயரத்துக்கு விளிம்பு கட்டிய சதுரம், உள்ளே தேய்ந்து பள்ளமான கருங்கல், சுவரோரம் வெளியே போகும் ஓட்டை. அங்கணம். சித்தப்பாவிடம் கைபேசியில் பொம்மை வீட்டுப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடுக்கள மூலைல ஒரு ஓட்ட இருக்குமே, எங்க பிள்ள?"

"வண்டு துளைச்சதுன்னு நெனச்சுப் பட்டி வச்சு அடைச்சிட்டேன் சித்தப்பா."

"கோட்டிக்காரி! அங்கணத்த அடைச்சா தண்ணி எங்க போவும்?"

வடமொழியில் அங்கணம் என்றால் முற்றம். இந்திக்காரர்களின் ஆங்கன் அதுவே. அங்கன்வாடியில் இருப்பதும் அந்த முற்றம்தான். தமிழில் அது எப்போதோ தண்ணீர் ஓடுகிற பக்கமாகச் சாய்ந்துவிட்டது. திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில், அமுதத்தைக் கொட்டி வீணாக்கும் அழுக்கு இடமாக வருகிறது. எங்கள் பக்கம் அந்த இழிவெல்லாம் கிடையாது. பாத்திரம் தேய்ப்பதும் அரிசி களைவதும் மீன் கழுவுவதும் அதில்தான், ராத்திரி அவசரத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைப்பதும் அதில்தான். இன்றைய அடுக்குமாடி வீட்டில் 'சிங்க்' வந்து இடுப்பு உயரத்துக்கு ஏறிக்கொண்டது. தரையில் இருந்த அங்கணம் போனதோடு சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. என் மகளுக்கு அது தெரியாது. பட்டி வைத்து அடைத்த எனக்கு மட்டும் தெரிந்திருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

திரும்பி வந்ததும் கோணூசியால் பட்டியைக் குடைந்தெடுத்தேன். காய்ந்து இறுகியிருந்ததால் ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். துளை நேராக இல்லை. வெளிப்பக்கம் சாயும்படி சரிவாகக் கடைந்திருந்தார் ஆசாரி.

மகள் அம்பாசமுத்திரம் கடைசல் சொப்பிலிருந்து குடத்தைத் தேடி எடுத்து, நிரப்பிக்கொண்டு வந்தாள். அங்கணத்தில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு துளை வழியே இறங்கி, மேசையில் ஓடி, நான் வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்த ஜன்னலை நனைத்தது. "இன்னொரு குடம்" என்று அவள் எழுந்து ஓடினாள்.