விலை என்ற ஒரு சொல்: திருவனந்தபுரத்து எரிவாயு ரசீதின் அண்மை வரலாறு

திருவனந்தபுரத்தில் வீட்டைச் சூடேற்றும் தேவை எந்தப் பருவத்திலும் எழுவதில்லை. அங்கே எரிவாயுச் செலவு என்பது அடுப்புச் செலவே. எனினும் அச்சிறிய கணக்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வாசிக்கக் கடினமாகிவிட்டது.

முதலில் மாறியது ‘விலை’ என்ற சொல்லின் பொருள். 2012 செப்டம்பரில் மானிய விலைச் சிலிண்டர்கள் ஆண்டுக்கு 6 என வரையறுக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அது 9 ஆகவும், 2014 தொடக்கத்தில் 12 ஆகவும் உயர்ந்தது. அதுவரை ரசீதில் அச்சான தொகை மானியம் கழிந்த தொகை. அரசு ஏற்ற பங்கு எவ்வளவு என்பது இல்லத்தாருக்குத் தெரியாது. 2015 ஜனவரி 1 முதல் நாடெங்கும் முழுச் சந்தை விலை ரசீதுக்கும், மானியம் வங்கிக் கணக்குக்கும் பிரிந்தன. வெளிப்படைத்தன்மை என்றே இது வரவேற்கப்பட்டது; ஓரளவு உண்மையும்கூட. ஆனால் 2020 மே மாதம் உலக விலைச் சரிவையொட்டிப் பெரும்பாலோரின் மானியம் சுழியமாயிற்று. பின்னர் விலை ஏறியபோது அது பழையபடி திரும்பவில்லை. உஜ்வலா இணைப்புகளுக்கு மட்டும் 2022 மே மாதம் 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. மானியம் மறைந்ததை ரசீது காட்டவில்லை. வங்கிப் புத்தகத்தைப் புரட்டியவரே அறிந்தனர்.

அடுத்த சிக்கல் அளவையில். சிலிண்டர் 14.2 கிலோ எடையாக வருகிறது. அண்மையில் நகரின் சில பகுதிகளை எட்டியுள்ள குழாய்வழி இயற்கை எரிவாயு கனமீட்டரில் கணக்கிடப்படுகிறது. மின்சாரமோ யூனிட்டில். எடை, கனஅளவு, ஆற்றல் ஆகிய மூன்றையும் ரூபாயால் மட்டும் ஒப்பிடுவது பிழை. பிரிட்டன் இதனை முன்பே எதிர்கொண்டது: கனஅடியில் விற்ற வாயுவை 1920ஆம் ஆண்டுச் சட்டம் ‘தெர்ம்’ என்னும் வெப்ப அலகுக்கு மாற்றியது. இன்று அங்கே வாயு ரசீதும் கிலோவாட்-மணியில் வருவதால், மின்கட்டணத்தோடு நேராக ஒப்பிடலாம். நம் ரசீதுகளில் அவ்வசதி இல்லை. கணக்கை நாமே போட வேண்டும்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி உண்டு. ஆகவே ஒரு சிலிண்டர் சுமார் 18 கனமீட்டர் இயற்கை எரிவாயுவுக்கு, அல்லது 180 யூனிட் ஆற்றலுக்கு ஈடு. ஆனால் அடுப்பில் பாதியளவோ சற்று மேலோதான் பாத்திரத்தைச் சேரும். இந்தியத் தரநிலை எரிவாயு அடுப்புக்குக் கோரும் குறைந்தபட்சத் திறன் 68 விழுக்காடு. இண்டக்ஷன் அடுப்புக்கு 85 எனக் கொண்டால், ஒரு சிலிண்டரின் சமையலுக்கு 145 யூனிட் மின்சாரம் போதும்.

இவ்விடத்தில் கேரளத்து மின்கட்டண முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே உயர்வீதம். ரசீது இரு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் இவ்வெல்லை அதில் 500 யூனிட். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு வீடு, இரு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்ற சமையலை மின்சாரத்துக்கு மாற்றினால், 272க்கு வந்துவிடும். அப்போது அவ்வீடு சமையலுக்கான 72 யூனிட்டுக்கு மட்டுமன்றி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் செலவான பழைய 200 யூனிட்டுக்கும் உயர்வீதமே கட்டும்.