பளிங்குக் கருவிகளில் பின்னணிச் சிதறல்

நியூத்திரனையோ எக்ஸ் கதிரையோ பளிங்கில் தெறிக்கவைத்து அளக்கும் கருவிகளில், தேடும் சமிக்ஞையோடு சேர்ந்து உணரியில் விழும் வேண்டாத எண்ணிக்கையே பின்னணி. காற்று, அலுமினியப் பாத்திரம், மாதிரியிலுள்ள ஐதரசன் எல்லாமே அதற்குப் பங்களிக்கும். பளிங்கும் உடந்தை. லோரன்ஸ் பிராக் 1912இல் முன்வைத்த விதிப்படி, ஓர் அலைநீளத்தைத் தெறிக்கவிடும் பளிங்கு அதே கோணத்தில் அதன் அரைவாசியையும் மூன்றிலொன்றையும் அனுப்பிவிடும். எல்லா அலைநீளமும் கலந்துவரும் அணு உலைக் கதிரில் இது பெருந்தொல்லை.

கனடாவின் சோக் ரிவரில் பேர்ட்ரம் புறொக்ஹவுஸ் 1950களில் அமைத்த மூவச்சு நிறமாலைமானியில் மாதிரிக்கு முன்னே ஒரு பளிங்கு, பின்னே ஒன்று. பின்னது, சிதறியவற்றில் குறித்த சக்தியுள்ளவற்றை மட்டும் பொறுக்கும். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் 1956இல் அங்கே சென்று பணியாற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயின் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. திரும்பி வந்தவருக்குக் களம் காத்திருந்தது. எகல்ஸ்டாஃப் 1965இல் பதிப்பித்த நியூத்திரன் சிதறல் நூலில் பளிங்கு முறைகள் பற்றிய அத்தியாயம் ஐயங்காருடையது. புறொக்ஹவுஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1994இல்தான்!

வடிகட்டிகளே இத்துறையின் சுவையான பகுதி. பெரிலியக் கட்டி 3.96 ஆங்ஸ்ட்ரோமுக்குக் குறைந்த அலைநீளங்களைப் பக்கவாட்டில் சிதறடித்து, நீண்டவற்றை நேரே விடும். அறை வெப்பத்தில் அணுக்களின் அதிர்வு நல்ல நியூத்திரன்களையும் திருப்பிவிடுவதால், அதைத் திரவ நைதரசனில் குளிரவைப்பார்கள். சிலிக்கன், ஜேர்மானியம் ஆகியவற்றின் 111 தளங்களில் அரை அலைநீளம் தானாகவே அற்றுப்போகும். 2.36 ஆங்ஸ்ட்ரோமில் வேலைசெய்வோருக்குக் காரீய (கிராபைற்று) வடிகட்டி கைகொடுக்கும். இலங்கையில் சிலாபத்துக்கு உள்நாட்டுப் பக்கம், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவில் தோண்டும் காரீயம் பேர்பெற்றதுதான். ஆனாலும் வடிகட்டிக்குரியது ஐதரோகாபன் வாயுவைக் கடும் வெப்பத்தில் சிதைத்து, படலம் படலமாகப் படியவிட்டுச் செய்வது.

எக்ஸ் கதிரில் தொல்லை வேறு விதம். புல்மோட்டைக் கரையின் இல்மனைட்டில் இரும்பு உண்டு. செப்புக் குழாயின் 8.04 கிலோ இலத்திரன் வோல்ற்று கதிர் பட்டதும் அந்த இரும்பு 6.4இல் தானே ஒளிர, வரைபடத்தின் அடிக்கோடு முழுவதும் மேலெழும்பிவிடும். சிறு முகடுகள் அதற்குள் புதைந்துபோகும். மாதிரிக்கும் உணரிக்கும் இடையே காரீயப் பளிங்கை வைத்தால் 8.04 மட்டும் கடக்கும். கூடவே சமிக்ஞையின் ஒரு பங்கும் போய்விடும். கோபால்ற்றுக் குழாய்க்கு மாறுவது இன்னொரு வழி: அதன் கதிர் 6.93, இரும்பை ஒளிரச்செய்ய 7.11 வேண்டும்.