சிலேட்டைத் தொட்ட கை

அடி அண்ணாமலைக்காரன் நான். நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார், சேரிப் பிள்ளைங்க சிலேட்டைத் தரையில வைக்கச் சொல்லி எட்ட நின்னே பார்ப்பார். அடுத்து வந்தவர் கையில வாங்கித் திருத்தினார். முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் சிதம்பரம் நந்தனார் பள்ளியில் படித்தவர்.

1916இல் அந்தப் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர், 1890இல் எங்க ஆரணிப் பக்கத்தில் பிறந்தவர். நந்தனைத் தீயில் இறக்கியதாகச் சொல்லும் ஊரிலேயே நந்தன் பெயரில் பள்ளிக்கூடம் வைத்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1959இல் மறைந்தார்.

அவரை நான் பார்த்ததில்லை. அவர் பள்ளி உருவாக்கிய வாத்தியாரைப் பார்த்தேன். நானும் வாத்தியாராகி ஓய்வு பெற்றுவிட்டேன். கடைசி நாள் வரைக்கும் எந்தப் பிள்ளையையும் முழுப்பெயர் சொல்லாமக் கூப்பிட்டதில்ல.