யூப் சூட்டமெல்க்

யூப் சூட்டமெல்க் (பிறப்பு: 3 டிசம்பர் 1946, ஹேக்) நெதர்லாந்தின் முன்னாள் தொழில்முறைச் சாலை மிதிவண்டி வீரர். 1980இல் டூர் டி பிரான்ஸையும் 1985இல் உலகப் பட்டத்தையும் வென்றவர். ரைப்வெட்டரிங் என்ற சிற்றூரில் வளர்ந்த அவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 கி.மீ. குழு நேர ஓட்டத்தில் தங்கம் வென்ற டச்சு நால்வருள் ஒருவர்.

1970இல் தொழில்முறைக்கு வந்தார். அந்த ஆண்டே டூரில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸுக்கு அடுத்த இடம். 1971, 1976, 1978, 1979, 1982 ஆகிய ஆண்டுகளிலும் இரண்டாமிடமே கிடைத்தது. மெர்க்ஸின் நிழலிலேயே ஓட்டுவதால்தான் வெயில் பட்டும் கறுக்கவில்லை என்று அவரைக் கேலி செய்தார்கள். அது நியாயமற்ற பேச்சு. 1974 வசந்தத்தில் பாரிஸ்–நீஸ் போட்டியை வென்று உச்சத்தில் இருந்தவர், மிடி லிப்ர் பந்தயத்தில், நிறுத்தியிருந்த கார் ஒன்றில் மோதினார். தலையில் பலத்த காயம். பின்னர் மூளைக்காய்ச்சலும் வந்தது. நாக்கின் சுவையுணர்வு பெரும்பாலும் போய்விட்டது. அந்த நிலையிலிருந்து மீண்டு, மறு ஆண்டே பாரிஸ்–நீஸை மறுபடி வென்றார். டூரின் ஆல்ப் துயெஸ் மலையுச்சியில் 1976, 1979 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதலில் வந்ததும் அவர்தான்.

1979இல் ஸ்பெயினின் வுயெல்டா பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு டூரின் கடைசி நாளில் பிரான்சின் பெர்னார் ஈனோவும் அவரும் கூட்டத்தைப் பின்னே விட்டு, இருவராகவே பாரிஸுக்குள் நுழைந்தனர்; எல்லைக்கோட்டில் ஈனோ முந்தினார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் சூட்டமெல்க்கின் நேரத்தோடு 10 நிமிடம் தண்டமாகக் கூட்டப்பட்டது. அவருடைய வாழ்க்கையில் மறைக்க முடியாத கறை அது.

1980இல் டிஐ-ராலே அணிக்கு மாறினார். அந்த ஆண்டு டூரில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் இருந்த ஈனோ முழங்கால் வலியால் போ நகரில் விலக, முதலிடம் இவருக்கு வந்தது. விலகியவரை மதித்து, மறுநாள் மஞ்சள் சட்டையை அணியாமலேயே ஓட்டினார். 'ஈனோ இல்லாததால் கிடைத்த வெற்றி' என்போர் உண்டு. ஆனால் ஈனோ விலகுவதற்கு முந்தைய தனிநபர் நேர ஓட்டத்தில் வென்றவர் சூட்டமெல்க்தான். பாரிஸில் சக டச்சுக்காரர் ஹென்னி குய்பரைவிட 6 நிமிடம் 55 விநாடி முன்னிலை பெற்றிருந்தார். 1968இல் யான் யான்சன் வென்றதற்குப் பின் ஆண்கள் டூரை வென்ற ஒரே டச்சு வீரர் இவரே. தொடங்கிய 16 டூர்களையும் முடித்தார். ஒன்றில்கூடப் பாதியில் இறங்கவில்லை.

1985 உலகப் போட்டி இத்தாலியின் ஜியாவேரா தெல் மொன்டெல்லோவில் நடந்தது. கடைசிக் கட்டத்தில் கிரெக் லெமாண்ட், மொரேனோ அர்ஜென்டின் முதலியோர் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்த வேளையில், 38 வயது சூட்டமெல்க் திடீரெனப் பாய்ந்து தனியாகவே எல்லையைக் கடந்தார். 1987இல், 40 வயதில், ஆம்ஸ்டல் கோல்டு ரேஸையும் வென்று அந்த ஆண்டிலேயே ஓய்வு பெற்றார்.