வெயிலே விளக்கான காலம்

காரையும் மணமக்களையும் வெட்டவெளியில் ஒருங்கே படமெடுப்பது சிக்கலான வேலை. இரண்டுக்கும் வேண்டிய வெளிச்சம் வேறு வேறு. யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர்கள் இதை விளக்குகள் கைவிட்டுப்போன காலத்திற் கற்றுக்கொண்டனர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோலும் பற்றரியும் இருந்தன. பற்றரி இல்லாத பிளாஷ் வெறும் பெட்டி. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் இயக்கலாம்தான்; ஆனால் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்பது ஒரு வீட்டின் ஜாம்போத்தல் விளக்குக்குப் பல இரவுகள். ஆகவே கலியாணப் படங்கள் முற்றத்துக்கும் வீதியோரத்துக்கும் வந்தன. அரியாலையில் நான் கண்டவற்றில் மாப்பிள்ளைக் கார் பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ 40 அல்லது மொறிஸ் மைனர். கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய். புகைதான் கொஞ்சம் அதிகம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்னீசியத் தூளும், 1929இல் ஜெர்மனியில் வந்த பிளாஷ் குமிழும், 1930களில் ஹரோல்ட் எட்ஜர்ற்றன் வளர்த்த மின்னணுப் பிளாஷும் இருட்டை வெல்வதற்கே முதலிற் பயன்பட்டன. நண்பகல் வெயிலோடு போட்டியிடுவது வேறு கதை. 100 வேகப் படச்சுருளுக்கு அவ்வெயிலில் துவாரம் 16, வேகம் 1/125 என்பது பழைய கணக்கு. பென்ராக்ஸ் கே 1000 கமராவில் பிளாஷ் 1/60க்கு மேல் இசையாது. துவாரத்தை 22 ஆக்க வேண்டும். வழிகாட்டி எண் 28 உள்ள பிளாஷ் அப்போது ஒன்றேகால் மீற்றரைத்தான் எட்டும். யஷிக்கா மற் 124ஜீ போன்ற இரட்டை வில்லைக் கமராவிலோ 1/500 வரை இசையும். துவாரம் 8, எட்டும் தூரம் மூன்றரை மீற்றர். கிடைத்த பற்றரிகளைப் பொத்திவைத்திருந்தவர்கள் அந்தப் பழைய பெட்டிக் கமராவையே நாடியதில் வியப்பில்லை.

பற்றரி இல்லாதோர் வெள்ளை வேட்டியை இருவர் பிடிக்க, வெயிலை மணமகளின் முகத்துக்குத் திருப்பினர். முகத்துக்கு அது போதும். காருக்குப் போதாது. காரின் உடல் வளைந்த கண்ணாடி. எதிரே இருப்பதையே காட்டும். சிறு பிளாஷ் அதில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். காருக்கு வேண்டியது அகன்ற வெளிச்சம். சூரியன் மறைந்தபின் எஞ்சும் வானத்தை விடச் சிறந்ததை நான் அறியேன். கடனீரேரிப் பக்கம் வெளி திறந்து கிடக்கும் அரியாலையில் அதற்குக் குறைவில்லை.

இப்போது பற்றரியில் இயங்கும் 600 வாற்-செக்கன் பிளாஷைத் தோளில் தொங்கவிட்டுச் செல்லலாம். பழைய வேகக் கட்டுப்பாடும் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. ஆயினும் பெரிய குடைகளை வாங்குமுன் சோளகக் காற்றை நினைத்துக்கொள்வது நல்லது. ஆட்களுக்கு ஒரு பிளாஷும் மடிக்கக்கூடிய பிரதிபலிப்பானும், காருக்கு அந்திவானமும் என்பதே என் தெரிவு.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் பெயர்ந்தபோது சனம் அரியாலையூடாகச் செம்மணி கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அல்பங்களைத் தூக்கியோர் சிலர், விட்டுப்போனோர் பலர். தப்பியவை இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றன. அப்படியான சில படங்களை அண்மையிற் பெரிதாக்கிப் பார்த்தேன். மினுக்கிய பொனற்றில் கிடுகுப் பந்தலும், வேலியும், வேட்டி பிடித்து நிற்கும் இரு பையன்களும், பின்னர் இடிந்துபோன ஒரு வீட்டின் முகப்பும் தெரிகின்றன. அந்த வீட்டுக்கு வேறு படம் இல்லை.